கெரே கானும் வல்லிபுரமும்

மகன் கவிஷனின் இறுதிக் கிரியைகள் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யோகம் தன் கணவரை மச்சான் என்று கூப்பிட்டதில்லை. கரவெட்டியில் ஒரே வளவுக்குள் ஓடித் திரிந்த காலத்திலும், பிறகு பிராங்பேர்ட்டுக்குக் கலியாணம் கட்டி வந்தபோதும், பரராசசிங்கம் அவளுக்கு மச்சான்தான். அவருடைய தகப்பனும் அவளுடைய தாயும் கூடப்பிறந்தவர்கள். நாலு வயதில் மகன் போனபின் அந்தச் சொல் வாயில் வர மறுத்தது. ‘இஞ்சாருங்கோ’ என்று மாறிவிட்டது. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் ஒருநாள், “நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா?” என்று விசாரித்திருந்தார். அதுதான் சாவுக்குக் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பிறந்தவள் மிதுஷா. அவளுக்குச் சாதாரணத் தடிமன் காய்ச்சல் வந்தாலும் யோகம் விடியும்வரை விழித்திருப்பாள். ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகள் தோய்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டே மகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பினாள். அங்கேதான் மிதுஷா எர்லானைச் சந்தித்தாள். கசக்ஸ்தானிலிருந்து படிக்க வந்து, இங்கேயே கம்பியூட்டர் வேலையில் சேர்ந்த பையன்.

அவனுடைய தாய் தகப்பன் அல்மாத்தியிலிருந்து பெண் பார்க்க வரப்போவதாகத் தெரிந்ததும் மிதுஷா சொன்னாள்: “அப்பா, அவையள் ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின்ர பேர் கேப்பினம். அது அவையின்ர முறை.”

பரராசசிங்கத்துக்கு ஒரே சந்தோசம். “பாத்தியே யோகம், எங்கட ஆக்கள் மாதிரியே குலம் கோத்திரம் விசாரிக்கினம்!” ஊருக்குப் போன் அடித்து, உயிரோடிருந்த கிழவர்களை எல்லாம் எழுப்பி, ஐந்து பெயர் வரை தேடிப் பிடித்துவிட்டார்.

எர்லானின் தகப்பன் மராத் பெரிய தோள்காரர். தாய் குல்நாரா வாசலில் யோகத்தைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். வடையும் தேநீரும் முடிந்ததும் பேச்சு தொடங்கியது. மராத் சொன்னதை எர்லான் ஜெர்மனில் சொல்ல, மிதுஷா தமிழாக்கினாள்.

மராத் தன் ஏழு தகப்பன்மாரையும் மூச்சு விடாமல் சொன்னார். பிறகு, தங்கள் நாட்டின் முதல் அரசனான கெரே கானுக்கே இதுதான் பெருமை என்றார். உருஸ் கானின் மகன் தொக்தாகியா, அவன் மகன் போலத், போலத்தின் மகன் கெரே. பெரிய அரசன் ஒருவனின் ஆட்சி பிடிக்காமல், தன் உறவுக்காரன் ஜானிபெக்கோடு சனத்தையும் ஆடுமாடுகளையும் கூட்டிக்கொண்டு இரவல் நிலத்தில் போய் இருந்தவன் அந்தக் கெரே. சூ ஆற்றங்கரையில் இன்னொரு ராசா இடம் கொடுத்தானாம்.

“அப்ப அவரும் எங்களைப்போல அகதிதான்,” என்றார் பரராசசிங்கம். எல்லோரும் சிரித்தார்கள்.

“எங்கே அடக்கம் செய்தார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் தகப்பன் பெயர் தெரியும்,” என்றார் மராத்.

யோகம் மட்டும் வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருந்தாள். உருஸ், தொக்தாகியா, போலத், கெரே. இவர்களுக்குக் கூடப்பிறந்து நாலு வயதில் போன பிள்ளைகளும் இருந்திருக்குமே. அவர்களை யார் சொல்கிறார்கள்?

பரராசசிங்கம் தன் முறைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். சுந்தரம்பிள்ளை, வல்லிபுரம் என்று தொடங்கி ஐந்தாம் பெயரில் நின்றார். தாய் வழியையும் கேட்டார் மராத்.

“அது இன்னும் சுகம்,” என்று சிரித்தார் பரராசசிங்கம். “யோகம் பிறத்தி இல்லை. என்ர சொந்த மாமியின்ர மகள். என்ர அப்பப்பா வல்லிபுரம்தான் அவவுக்கு அம்மப்பா. ரத்தம் வெளிய போகேல்லை எண்டு சொல்லு பிள்ளை.”

மிதுஷா சொல்லவில்லை.

“சொல்லன்.”

“அப்பா... ஏழு தலைமுறைக்குள்ள சொந்தத்தில கட்டக்கூடாது எண்டுதான் அவையள் அந்தப் பேரெல்லாம் பாடமாக்கி வைக்கிறது.”

ஆனால் எர்லான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. சொன்னாள். எர்லான் அதைத் தகப்பனிடம் சொன்னதும் மராத் கோப்பையைக் கீழே வைத்தார். குல்நாரா தாழ்ந்த குரலில் மகனிடம் ஏதோ கேட்டாள். அவன் அதை ஜெர்மனில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

யோகத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பிள்ளைகளுக்கு ஏதும் வந்ததா என்ற கேள்விதான் அது. இதே குரலில்தான் ஒரு டொக்டரும் முன்பு, சொந்தமா என்று கேட்டிருந்தார்.

“அம்மா, வேண்டாம்,” என்றாள் மிதுஷா.

யோகம் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் தானே சொன்னாள். ஒரு மகன் இருந்தான். பெயர் கவிஷன். இப்போது இல்லை.

குல்நாரா எழுந்து வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. அதனால்தான் யோகத்துக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது.

அவர்கள் ஊர் திரும்பியபின் பதில் வந்தது. பெரியவர்களுக்குச் சம்மதமில்லை. வீட்டை எதிர்த்துக் கட்டுகிறேன் என்றுதான் எர்லான் சொன்னானாம். ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் அவன் தாய் பயந்து பயந்து பார்ப்பதைத் தன்னால் தாங்க ஏலாது என்று மிதுஷாதான் முடித்துவிட்டாள்.

அன்று எஸ்-பான் ரயிலில் வந்து இறங்கியவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள்.

“நான்தானே வாயைக் குடுத்துக் கெடுத்தனான்,” என்றார் பரராசசிங்கம், யன்னலைப் பார்த்தபடி. “எல்லாத்துக்கும் நான்தான்.”

எல்லாத்துக்கும் என்று அவர் எதைச் சேர்த்துச் சொல்கிறார் என்பது யோகத்துக்குத் தெரியும். இத்தனை வருடமாகத் தான் சொல்லாமல் அவர் தலையில் ஏற்றி வைத்த பழியை இன்று அவராகவே சொல்லிக்கொண்டு நிற்கிறார். முதுகு கூனிவிட்டது. அவருடைய மாமியான யோகத்தின் அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் இதே முதுகுதான்.

மகளின் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள் யோகம்.

“மச்சான்,” என்றாள், நிமிராமல். “பிள்ளைக்குத் தேத்தண்ணி போடுங்கோ.”

கேத்திலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.