வலது சீட்டில் சும்மா இருக்கும் வேலை

பக்கத்தில் இருப்பவர் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு தொழில் என்றால், அது விமானம் ஓட்டக் கற்றுத்தருவதுதான். மனைவிக்கு ஸ்கூட்டரும் மகனுக்குக் காரும் பழக்கி, இல்லாத பிரேக்கை மிதித்த அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். என்ன, உங்களுக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திட்டுகிற வசதி உண்டு. மூவாயிரம் அடியில் எனக்கு அது கிடையாது.

வீடு திருத்தணியில். வேலை, பதினோரு வருஷமாக, ஆந்திர எல்லை தாண்டி ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளியில். இரண்டே பேர் தோள் இடிக்க உட்காரும் குட்டி விமானங்கள். என்னிடம் வந்தவர்களில் என்னைப் படாதபாடு படுத்தியவள் கோமளா, பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண்.

அப்பா வந்தார்

மகளைச் சேர்த்த மறுவாரம் அவள் அப்பா பார்க்க வந்தார். விமானத்தை இரண்டு முறை சுற்றினார். இறக்கையைத் தட்டிப் பார்த்து, "தகரம் மெலிசா கீதே" என்றார். பிறகு கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது.

இடது சீட்டு யாருக்கு என்று கேட்டார். கோமளாவுக்கு என்றேன். வலது? எனக்கு.

"ரெண்டே சீட்டுதானா? அப்ப டிரைவர் எங்க குந்துவாரும்மா?"

என் கை

ஆசிரியர் கை படாமல் தொடர்ந்து மூன்று முறை தரையிறக்கினால்தான் எங்கள் பள்ளியில் மாணவரைத் தனியாகப் பறக்க விடுவோம். கோமளா இரண்டு வரை ஒழுங்காக வருவாள். மூன்றாவதில், தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது என் கை தானாகப் போய்க் கண்ட்ரோலைப் பிடித்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் தனியாகப் பறந்தாயிற்று. சனிக்கிழமைக்குள் அவளும் பறக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று தலைமைப் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். எனக்கு அவள்மேல் கோபமில்லை, என் கைமேல்தான். புதன்கிழமையும் அதேபோல் நடந்தது. பெல்ட்டைக் கழற்றாமலே கோமளா கேட்டாள்:

"மேடம், இப்ப எறக்குனது நானா, நீங்களாங்க?"

பஸ்ஸிலும்

அன்று சாயங்காலம் திருத்தணி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பள்ளிப்பட்டு தாண்டியதும் முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போனது. டிரைவர் ஒதுங்கி முந்தப் பார்க்கும்போதெல்லாம் என் கால் பஸ்ஸின் தரையை மிதித்தது. "வளைவு, வளைவு!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். கண்டக்டர் வந்து நின்றார்.

"இன்னா மேடம், அவரு ஓட்டிகினுதானே கீறாரு? நீங்க சும்மா குந்துங்க."

சனிக்கிழமை

விமானத்தில் ஏறியதும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். முதல் தரையிறக்கம் சுமார். இரண்டாவது நன்றாகவே இருந்தது. மூன்றாவதில் சக்கரம் தரையில் பட்டு விமானம் எம்பியது. என் வலது கை தொடைக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. அதற்குள் கோமளா விமானத்தின் மூக்கைத் தாழவிடாமல் பிடித்து, இன்ஜினுக்குக் கொஞ்சம் வேகம் கொடுத்து, மெதுவாக உட்காரவைத்துவிட்டாள்.

ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து இறங்கினேன். "ஒரே ஒரு சுற்று. போயிட்டு வா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி நடந்துவிட்டேன்.

ஏழு நிமிஷம். ஓடுபாதை ஓரத்தில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மலைப் பக்கம் திரும்பியபோது புள்ளியாகிவிட்டாள். இன்னும் ஒரு நாள் பழக்கியிருக்கலாமோ என்று தோன்றியது. பிறகு அந்தப் புள்ளி பெரிதாகி, இறங்கி, ஓடுபாதை நடுவில் அழகாக வந்து உட்கார்ந்தது. அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

கோமளா ஓடிவந்தாள். கட்டிப்பிடித்து நன்றி சொல்லப்போகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"மேடம், நீங்க எறங்குனதும் வண்டி ஜிவ்வுனு ஏறுதுங்க!"

பதினோரு வருஷமாக நான் கற்றுக்கொடுத்தது என்னவோ, கோமளாவுக்கு வேண்டியிருந்தது என் எழுபத்திரண்டு கிலோ கீழே இறங்குவதுதான்.