வட்டமாக வெட்டிய மூலைகள்

ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஆள் ஒருக்களித்து நுழையும் அகலத்தில் ஒரு கடை. உள்ளே ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊர் வைத்த பெயர் லேமினேஷன் அக்கா. அவளுக்கு ஐம்பத்தொரு வயது. எழுபதைத் தாண்டியவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவளும் மறுத்துப் பேசியதில்லை.

காகிதம் என்றால் அதன் மேல் ஓர் உறை இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், வரி ரசீது, எது கைக்கு வந்தாலும் சூடான உருளைக்குள் விட்டு எடுத்து, நான்கு மூலையையும் கத்தரியால் வட்டமாக வெட்டித் தருவாள். கூர் மூலை கையைக் கிழிக்குமாம். மற்ற கடைக்காரர்கள் யாரும் இதற்கு மெனக்கெடுவதில்லை. அந்த வட்டத்தைப் பார்த்தே இது அக்கா கடைச் சரக்கு என்று சொல்லிவிடலாம்.

அவள் தங்கை பாலத்துக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பக்கம் வேறு நாடு. நாடுதான் வேறு, நடந்தால் ஏழு நிமிடம். அடையாள அட்டையை நீட்டினால் போதும் என்றிருந்த காலத்தில், சர்க்கரை தீர்ந்துபோனால்கூட ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பிறகு மேலே இருக்கிறவர்கள் எதற்கோ முறைத்துக்கொண்டார்கள். இனிமேல் பாஸ்போர்ட் இல்லாமல் பாலத்தில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

இருவரும் நாயாய் அலைந்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். போட்டோ இருந்த பக்கத்தைப் பார்த்த அக்காவுக்கு மனம் பொறுக்கவில்லை. இவ்வளவு அலைந்து வாங்கியது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போச்சு. புத்தகத்தை மெஷினுக்குள் விட முடியாது. அதனால் பசை தடவிய கண்ணாடித் தாளை அளவாக வெட்டி, மூலைகளை வளைத்து, பக்கத்தின் மேல் வைத்து, துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினாள். அதே அளவில் இன்னொரு தாளை வெட்டி, பஸ் டிரைவர் கையில் தங்கைக்குக் கொடுத்தனுப்பினாள். சூடு ரொம்ப வைக்காதே என்று போனில் மூன்று முறை சொன்னாள். ஊரில் வேறு யாருக்கும் அவள் இதைச் செய்யவில்லை. கூடப்பிறந்தவளுக்கு மட்டும்தான்.

அந்த மழைக்காலத்தில் அக்காவின் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. தங்கை வரவில்லை. காய்ச்சல், தலையைத் தூக்க முடியவில்லை என்று போனில் சொன்னாள். ஏழு நிமிடத் தூரம், ஒரு காய்ச்சல். அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. தங்கையின் போனை எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களிடம், அவளுக்கென்ன குறை என்று சொல்லிவிட்டு மெஷினுக்குள் அடுத்த காகிதத்தை விட்டாள். உள்ளே மரத்துப்போயிருந்தது. அதைக் கோபம் என்று சொல்லக்கூட அதில் சூடு இல்லை.

இப்படியே பதினோரு மாதம் போனது. ஒருநாள் காலை புது எண்ணிலிருந்து தங்கையின் புருஷன் கூப்பிட்டார். பத்து மாதமாகப் படுத்த படுக்கை, டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள், அக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாய்க் கேட்கிறாள், உடனே வாருங்கள் என்றார். அக்கா ஷட்டரை இறக்கினாள். பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள். அதுதான் அந்தப் புத்தகத்துக்கு முதல் பயணம்.

சோதனைச் சாவடி அதிகாரி முதல் பக்கத்தை விரித்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தண்ணி படாம இருக்கட்டும்னு ஒட்டினது."

"பாஸ்போர்ட்ல எதையும் ஒட்டக் கூடாதும்மா. இனிமே இது செல்லாது. புதுசு எடுக்க ஒரு மாசம் ஆகும்."

அக்கா தங்கையின் நிலைமையைச் சொன்னாள். அவர் மோசமான ஆள் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, முடியாது என்றார்.

"எங்க ஒட்டுனீங்க?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கடை."

"இனிமே அந்தக் கடைப் பக்கம் போகாதீங்க."

சரி என்று தலையாட்டினாள்.

அவர் தாளின் மூலையில் கட்டை விரலை வைத்துத் தடவினார். "போன வருஷம் அந்தப் பக்கத்துலேருந்து ஒரு அம்மா வந்தாங்க. இதே மாதிரிதான், மூலையெல்லாம் வட்டமா வெட்டி ஒட்டியிருந்தாங்க. அக்கா வீட்டுக்காரர் செத்துட்டார்னு மழையில மூணு மணி நேரம் நின்னாங்க. நான் திருப்பி அனுப்பிட்டேன்."

அக்கா பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். வெளியே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒட்டச் சொன்னது அக்காவாயிற்றே என்று அந்தப் பைத்தியக்காரி வாயை மூடிக்கொண்டு, பதினோரு மாதம் பாராமுகத்தைத் தாங்கியிருக்கிறாள். அன்றே சொல்லியிருந்தால் அக்கா எப்போதோ புதிது எடுத்திருப்பாள். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. ஆனால் அழுகை வரவில்லை.

போன் போட்டாள். தங்கையின் புருஷன் அதைத் தங்கையின் காதில் வைத்தார்.

"கிளம்பிட்டியாக்கா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், தான் மறைத்துத் தாங்கியதெல்லாம் வீண் என்று தங்கைக்குத் தெரிந்துபோகும்.

"காய்ச்சல்டி. தலையத் தூக்க முடியல."



"எனக்கும் அன்னிக்கு இதே காய்ச்சல்தான்க்கா," என்றாள் தங்கை. "மனசுல வெச்சுக்காத."

தங்கை ஆறாம் நாள் போய்ச் சேர்ந்தாள். முப்பத்துநான்காம் நாள் புதுப் பாஸ்போர்ட் வந்தது. அக்கா அதை உறைகூடப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு போனாள். அதே அதிகாரி முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்தினார். பாலம் தாண்ட ஏழு நிமிடம் ஆனது.