ஏளா

தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடையில் எனக்கு வேலை. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ரீல்ஸ் எடுத்துப் போட வேண்டும். நான் எதைப் போட்டாலும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதலாளி முகம் சுளிக்க ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்த மாஸ்டர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஏளா, இங்கன வா. நுரை எப்படிப் பொங்கிட்டு வருதுன்னு பாரு." எங்கள் பக்கம் வீட்டுப் பெண்பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசுவதை வீடியோ எடுத்து, 'இது எந்த நாட்டுப் பாஷை?' என்று எழுதிப் போட்டேன். ஊரே பார்த்தது. பலர் அவரைப் போலவே பேசிக் காட்டி வீடியோ போட்டார்கள். முதலாளி என்னைப் பாராட்டினார்.

மறுநாள் போனை நீட்டியதும் அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"வணக்கம் மேடம். இப்போது நாம் முந்திரி மாவைச் சேர்க்கிறோம்."

செய்தி வாசிப்பவர் மாதிரி இருந்தது.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பேசுறீங்க?"

"எம் மவ காலேஜ்ல எல்லாரும் சிரிக்காவளாம். ஒழுங்காப் பேசுங்கப்பான்னு சொல்லுதா."

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். வீட்டில் நானும் அந்தப் பேச்சுதான். சென்னையில் படிக்கும்போது தோழிகள் சிரித்ததால் அதை மறைக்கப் பழகிக்கொண்டவள் நான்.

அன்றே ரீலை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும், விடுளா" என்றார்.

ஆனால் இன்றைக்கும், என் கையில் போன் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அவர் என்னை ஏளா என்று கூப்பிடுகிறார்.