சங்கம் எடுத்த மாடியறை

அன்று எங்கள் வீட்டு மாடியறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் பெண் ஒருத்தி; இங்கே ஹாஸ்டலில் தங்கி அகழாய்வு வேலைக்குப் போகிறவள். தாடி வைத்த ஒருவர். அவருக்கும் அதே வேலை, ஒப்பந்தம் கிடைக்கிற ஊருக்கெல்லாம் தோண்டப் போவார். தோண்டி எடுத்த பானைகளைப் படமாக வரைந்து கொடுக்கும் வயதான மலையாளி ஒருவர். நான். வாசற்படியில், உள்ளே வராமல், காபித் தட்டோடு என் மனைவி. இவ்வளவு பேர்தான் என்று நினைத்தேன். கட்டிலுக்கடியில் இன்னொருவர் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

அந்த அறையில் குடியிருந்தவள் இவர்களுடைய சிநேகிதி. எங்கள் கரமனைப் பேட்டையில் வாடகை குறைவு என்று வந்தவள், இரண்டு வருஷம் எங்களோடு இருந்தாள். மழைக்காலத்தில் சேற்றுக் குழியில் நின்று வேலை செய்ததில் எலிக்காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவள் அண்ணா வந்து துணிமணியை எடுத்துக்கொண்டு போனார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சமிருந்த புத்தகங்களையும் பெட்டிகளையும் பிரித்து எடுக்கத்தான் இவர்கள் வந்தார்கள். வந்த இடத்தில், இனிமேல் நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று பேச்சு ஆரம்பித்தது.

எட்டாம் வகுப்போடு நின்று கல்யாணச் சமையலுக்குப் போனவன் நான். படித்தவர்கள் பேசினால் நின்று கேட்கப் பிடிக்கும். ஆனால் கேட்கும்போதே பயமும் வந்துவிடும். வீட்டில் சங்கம் ஆரம்பித்தால் போலீஸ் விசாரிக்குமோ, கரண்ட் ஆபீஸ்காரன் பில்லைக் கடை ரேட்டில் போட்டுவிடுவானோ என்றெல்லாம்.

"எனக்கு ஒரு கார்டு கிடைச்சாப் போதும்" என்றாள் நாகர்கோவில் பெண். "குழிக்குள்ள நிக்கியேன், போலீஸ்காரர் வந்து புதையலா எடுக்கேன்னு கேக்காரு. காலேஜ் கார்டைக் காட்டுனேன். அது காலாவதி ஆயி எத்தனையோ வருசமாச்சு. போட்டோல நான் ரெட்டைச் சடை."

"இன்சூரன்ஸ்" என்றார் தாடிக்காரர். "அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ போன்ல பிச்சை எடுத்தோமே, அது இனிமே வேண்டாம். அப்புறம், கம்பெனிக்காரன் ரெண்டே நாள்தான் டைம், முடிச்சுட்டுக் கெளம்புன்னா, முடியாதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். தனியா நின்னு சொன்னா அடுத்த வேலை கிடைக்காது. அதான் அவ மழையிலயும் இறங்கினா."

படம் வரைகிறவர் காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "எனக்கு என் பேரு அச்சாகி வந்தா மதி, அது போதும். எத்தனை புத்தகத்துக்கு வரைஞ்சாச்சு, ஒண்ணுலயும் பேரு இல்ல. குழியில கிடைக்கற மரிச்சவனுக்குக்கூட இவா ஒரு நம்பர் குடுக்கறா சுவாமி. எனக்கு நம்பரும் இல்ல."

பேசிக்கொண்டே தாடிக்காரர் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தார். அதை எனக்குத் தெரியும். உடைஞ்ச பானைதான் மாமா, அதை மட்டும் நகர்த்தாதீங்கோ என்பாள் இங்கே குடியிருந்தவள். அவள் ஊருக்குப் போன சமயம் என் மனைவி அதன் மேல் அப்பளக் கட்டுகளை அடுக்கி வைத்ததும் உண்டு. தாடிக்காரர் மேலே ஒட்டியிருந்ததைப் படித்தார். மூடியைப் பாதி திறந்து உடனே மூடினார்.

"என்னதாக்கும் அது?" என்று கேட்டேன்.

அவர்தான் சொன்னார். பொன்முடி போகும் வழியில் ஒரு கம்பெனி கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பெரிய தாழி ஒன்று அகப்பட்டதாம். அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த பானை. இவளைக் கூலிக்கு அழைத்து, சீக்கிரம் அப்புறப்படுத்து என்றார்களாம். இந்தப் பக்கத்து மண்ணில் எலும்பு நிற்காது, மக்கிவிடும்; பெட்டியில் இருக்கும் இது எப்படியோ நின்றுவிட்டது. வயசு இருபத்தைந்துக்குள்தான் இருக்குமாம். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதாம்.

கட்டிலில் உட்காரப் போய், அதன் அடியில்தானே இருந்தது என்று எழுந்துவிட்டேன்.

எங்கள் அப்பாவின் திவசம் அடுத்த மாதம். பெட்டி வந்த பிறகு இரண்டு திவசம் இந்த வீட்டில் பண்ணியாகிவிட்டது. தலைக்கு மேலே வேறொரு பிரேதம் இருக்க, கீழே நான் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் வந்தாரா, வாசலோடு திரும்பிவிட்டாரா?

"திதிக்கு முன்னாடி இதை எடுத்துண்டு போயிடுங்கோ" என்றேன். "கரமனை ஆத்தங்கரை பக்கத்துலதானே இருக்கு. அஸ்திதானே, கரைச்சுடலாமே."

"மாமா, கம்பெனிக்காரன் மண்ணோட லாரியில ஏத்தப் பாத்தான். அவ மடியில வச்சுப் பஸ்ல கொண்டு வந்தா" என்றாள் அந்தப் பெண்.

அரசாங்கத்தில் கொடுக்கலாமே என்றேன். அறிக்கை இல்லாமல் வாங்க மாட்டார்களாம். அறிக்கை எழுத வேண்டியவள் போய்விட்டாள்; எழுத வேறு யாருக்கும் கம்பெனி காசு தராது. அப்படியானால் நீங்கள் யாராவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஹாஸ்டல்ல வச்சா வார்டன் என்னையும் சேத்துல்லா வெளிய தூக்கிப் போடுவா."

"எனக்கு வீடே கிடையாது மாமா. பஸ்ஸும் லாட்ஜும்தான்."

படம் வரைகிறவர் கையை விரித்தார். "வீட்டுல அம்மைக்குத் தொண்ணூறு ஆகுது. இதோட நான் கேறி வந்தா, தனக்கு வேண்டி இடம் பாக்க வந்த கூட்டாளின்னு நினைப்பா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மரிச்சவா ஒண்ணும் செய்ய மாட்டா சுவாமி. ஜீவிச்சிருக்கறவாளைப் பேடிச்சா, பயந்தாப் போதும்" என்றார்.

அப்போதுதான் வாசற்படியிலிருந்து என் மனைவி வாயைத் திறந்தாள். "சாயங்காலமானா மேல பேச்சு கேக்குமே, போன்ல பேசறாள்னு நினைச்சோமே. போன்ல பேசறவா நடுவுல நிறுத்தி அந்தப் பக்கம் சொல்றதைக் கேப்பா. இவ நிறுத்தினதே இல்ல."

"எலும்போட அளவு சொல்லி ரெக்கார்ட் பண்ணியிருப்பா மாமி" என்றார் தாடிக்காரர்.

"குட் நைட்டும் அளவுதானா?"

தாடிக்காரர் பெட்டியை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினார்.

பெட்டி போகவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. சாஸ்திரிகளிடம் போய், ஒருத்தர் வீட்டில் இப்படியாம் என்று கேட்டேன்.

"யாராம்? கரமனையா?"

"ஸ்ரீவராகம்" என்று வேறொரு பேட்டையைச் சொன்னேன்.

"ஓஹோ. ஸ்ரீவராகத்துக்காரனுக்கு நீ ஏண்டா வேர்த்துக் கொட்டறே?" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "திவசத்துல விகிரம்னு கொஞ்சம் சாதம் தனியா இறைக்கறோமே, அது எரிஞ்சவா, எரியாதவா, நாதியில்லாதவா எல்லாருக்கும்தான். அதை நினைச்சுப் போடச் சொல்லு. மாடியை வேத்து மனுஷாளுக்கு வாடகைக்கு விட்டிருந்தான்னா அங்க இருக்கறது அவா பாடு, இவனுக்கு ஒட்டாது. சும்மா காலியா வச்சிருந்தான்னா இவன் வீடுதான்."

வீட்டுக்கு வரும் வழியிலேயே தாடிக்காரருக்குப் போன் பண்ணினேன். மாடியறையைச் சங்கத்துக்கே வாடகைக்குத் தருகிறேன் என்றேன். அவருக்கு நம்ப முடியவில்லை. வேலையில்லாத நாளில் உட்கார ஒரு இடம், யாரும் ஏற்காத பெட்டிகளை வைக்க ஓர் அறை. சங்கத்திடம் எல்லோரும் கடைசியில் கேட்டது அதுதானாம். மாதம் ஆயிரத்து இருநூறு என்று பேசி, சந்தா பிரித்து, திதிக்கு முந்தின நாள் முதல் வாடகையைக் கொண்டுவந்து கொடுத்தார். கதவில் சங்கத்தின் பெயரை எழுதி ஒட்டினார்கள். ரசீதில் தேதியை இரண்டு முறை சரிபார்த்து வாங்கிக்கொண்டேன்.

திவசம் நடந்தது. விகிரத்துக்குச் சாதத்தைக் கையில் எடுத்தபோது, எரியாதவர் என்று மேலே இருப்பவரை நினைத்தேன். கூடவே மாடியில் குடியிருந்து போனவளும் நினைவில் வந்து நின்றாள். கையை அலம்பிவிட்டு அப்பாவிடம் திரும்பினால், அவர் முகம் வரவே இல்லை. மந்திரம் முடியும்வரை வரவில்லை. இலையில் எல்லாம் சரியாகத்தான் போட்டேன். யார் சாப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

சங்கம் சில மாதம் ஒழுங்காக வாடகை கொடுத்தது. நாகர்கோவில் பெண்ணுக்குக் கார்டு வந்தது. காட்ட ஓடி வந்தாள். பிறகு அவளுக்குக் குஜராத்தில் வேலை. தாடிக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருக்கே தெரிவதில்லை. சந்தா யாரும் கட்டவில்லையாம். "அடுத்த மாசம் உறுதி மாமா" என்கிறார். அழுத்திக் கேட்க எனக்குப் பயம். கேட்டு, அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெட்டி என்னுடையதாகிவிடும்.

மாலையில் ஜன்னல் சாத்த என் மனைவி மேலே போகிறாள். இறங்கி வர நேரமாகிறது. நான் ஒன்றும் கேட்பதில்லை.

திதி மறுபடி வருகிறது. வாடகை தராதவர்கள் வாடகைக்காரர்தானா என்று சாஸ்திரிகளைக் கேட்கத் துணிவில்லை. ஏழு மாதமாக வரவில்லை. எட்டாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.