குறுக்கே எழுதாத நகல்

முப்பத்து நான்கு வருடம் சான்றிதழ்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஆறு வருடம் உசிலம்பட்டிப் பக்கம். சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசு என்று ஏதாவது ஒன்றுக்கு என் மேசைக்கு வராமல் அந்தப் பகுதியில் யாரும் கல்லூரியில் சேர்ந்ததில்லை, முறையாகச் செத்து முடிந்ததும் இல்லை. மனுவோடு நகல் கொண்டுவருபவர்களிடம் தினமும் ஒரே பாட்டைப் பாடுவேன். நகலில் வெறும் கையெழுத்துப் போடாதீர்கள். குறுக்கே இரண்டு கோடு இழுத்து, இன்ன காரியத்துக்கு, இன்ன தேதியில் கொடுத்தது என்று எழுதி, அதன்மேல் கையெழுத்துப் போடுங்கள். அப்போதுதான் அந்தத் தாளை வேறொருவன் வேறொரு இடத்தில் நீட்ட முடியாது.

"நம்ம ஆதார வச்சு எவன் சார் என்ன பண்ணப் போறான்? எங்கிட்ட இருக்கிறதே ரெண்டு எருமை" என்றார் ஒரு விவசாயி.

"அந்த ரெண்டும் உங்ககிட்டயே இருக்கணும்ல, எழுதுங்க" என்றேன். அலுவலகமே சிரித்தது.

இவ்வளவும் சொன்ன நான்தான் என் மகளின் ஆதார் நகலைக் குறுக்கே ஒரு எழுத்துகூட இல்லாமல் நானூறு பேருக்கு அனுப்பிவைத்தேன்.

அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம். கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் கோச்சடை முக்குக்குக் கம்பெனி வேன் வரும், மாலையில் அதே இடத்தில் இறக்கிவிடும். எங்கள் ஆட்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு ஜாதகக் குழு உண்டு. நடத்துபவர் என்னைப்போல ஓய்வுபெற்றவர். என்னை அண்ணே என்பார். வயதில் என்னைவிட மூத்தவர் என்பது என் சந்தேகம்.

அந்தக் குழுவில் மற்றவர்கள் போடுவது ஒரு ராசிக்கட்டம், ஒரு ஸ்டுடியோ படம், ஒரு செல் நம்பர். உயரத்தில் இரண்டு அங்குலம் பொய், படிப்பில் ஒரு வருடம் பொய். ஒழுங்கான விண்ணப்பம் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான்கு பக்கம் தட்டச்சு செய்தேன். பிறந்த தேதி, நேரம், ஆஸ்பத்திரி, பள்ளி, வீட்டு முகவரி, அவளுடைய செல் நம்பர், மின்னஞ்சல். இணைப்புகள்: பட்டச் சான்றிதழ், வேலைச் சான்று, ஆதார். ஆதார் நகலில் கையெழுத்துப் போட அவளைக் கூப்பிட்டேன்.

"எதுக்குப்பா ஆதாரு? என்னைய ரேஷன் கார்டுல சேக்கப் போறாங்களா?"

"நாம எழுதுனதெல்லாம் நெசம்னு தெரிய வேணாமா?"

"சரி, குறுக்க எழுதணும்பீங்களே. என்னன்னு எழுத? கல்யாணத்துக்கு மட்டும்னா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, யோசித்தேன். பெண்ணின் தாளில் கோடு இழுத்து நிபந்தனை எழுதி அனுப்பினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? எடுத்த எடுப்பிலேயே சந்தேகப்படுகிறான் என்பார்கள். பார்க்கவும் அசிங்கமாக இருக்கும்.

"வேணாம், வெறும் கையெழுத்தப் போடு. நம்ம ஆளுகதான பாக்கப் போறாக" என்றேன்.

எண்ணின் பெரும்பகுதியை மறைத்து ஆதாரை இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பதும் எனக்குத் தெரியும். தெருவில் மூன்று பேருக்கு நானே அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் மகளுக்கு முழு எண்ணும் தெரிகிற நகல்தான் கம்பீரமாக இருந்தது.

போட்ட பத்து நிமிடத்தில் குழுவை நடத்துபவர் எழுதினார்: "ஜாதகம்னா இப்படிப் போடணும். அண்ணனப் பாத்துப் படிங்கப்பா." அதை நான் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் மகளுடைய செல்லில் சிக்னல் போனது. மாலையிலும் வரவில்லை.

"டவர் பிரச்சினையா இருக்கும். நாளைக்குச் சரியாயிரும்" என்றேன்.

டவர் நன்றாகத்தான் இருந்தது. எங்கோ ஒரு கடையில் எவனோ அந்த நகலை நீட்டி, சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, அவள் எண்ணுக்குப் புது சிம் வாங்கியிருந்தான். புது சிம்முக்கு முதல் ஒரு நாள் குறுஞ்செய்தி வராமல் நிறுத்திவைப்பார்கள். இப்படிப்பட்ட திருட்டுக்காகத்தான் அந்த விதி. விதியும் எனக்குத் தெரியும். அந்த ஒரு நாளைத்தான் நான் டவர் கணக்கில் எழுதினேன்.

மறுநாள் அவன் கைக்கு ஓடிபி வந்தது. ஓடிபியோடு அவளுடைய மின்னஞ்சல் போனது, படங்கள் வைத்திருந்த பக்கங்கள் போயின. கூட வேலை பார்ப்பவர்களுக்கும் மேலதிகாரிக்கும் அவள் பெயரில் செய்திகள் போயின. அவற்றில் இருந்ததை இங்கே எழுத என் கை கூசுகிறது. செத்த செல்லோடு வேலை செய்துகொண்டிருந்த அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாலை வேனில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. ஏன் என்று வீட்டுக்கு வந்து, அம்மாவின் செல்லில் கூட வேலை பார்க்கும் ஒருத்தியைக் கூப்பிட்டுத்தான் தெரிந்துகொண்டாள். சத்தம் போடவில்லை. சிம் கம்பெனிக்குப் போன் போட்டு, எந்த நகலைக் காட்டிப் புது சிம் வாங்கினார்கள் என்று கேட்டறிந்தாள். "அந்தாளு கள்ளக் கையெழுத்து போடத் தேவையே இல்லாமப் போச்சுல்ல, என் கையெழுத்தே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கப் போனோம். பதிவு செய்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "விவரம் எப்படி வெளிய போச்சுன்னு ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு சார். அதுல என்ன போடட்டும்?"

"தகப்பனார் அனுப்பியது என்று போடுங்கள்" என்றேன்.

புகாரோடு ஆதார் நகல் வேண்டுமாம். மகள் பேனாவை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல், குறுக்கே இரண்டு கோடு இழுத்து எழுதினாள். காரியம், தேதி, கையெழுத்து. ஒரு பிழை இல்லை.

எண் அன்றே முடக்கப்பட்டது. மின்னஞ்சல் பத்து நாளில் திரும்பி வந்தது. மேலதிகாரியும் நம்பினார். ஆனால் படித்தவர்கள் படித்ததுதான். அழிக்கச் சொல்லி எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

யாரும் ஆதார் நகலைப் போடாதீர்கள் என்று நடந்ததைச் சொல்லிக் குழுவில் எச்சரிக்கை எழுதினேன். வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் வந்தன. அதற்கு மறுநாள், பெண் பார்க்க வருவதாக இருந்த இரண்டு வீட்டாரும் நாள் சரியில்லை என்றார்கள். குழுவை நடத்துபவர் போன் பண்ணினார்.

"எதுக்குண்ணே அதக் குரூப்புல போட்டீக? பொம்பளப்புள்ள வெவகாரம். பொத்திக் காப்பாத்த வேணாமா?"

"பொத்தி வைக்கிற கட்டமெல்லாம் தாண்டிருச்சு. அனுப்புனது இந்தக் குரூப்புல மட்டும்தான். அப்ப உள்ள இருக்கிற ஆளு எவனோதான்."

"நம்ம ஆளு எவன்ணே பண்ணுவான்? சும்மா இருங்கண்ணே."

மகள் வேலையை விட்டாள். கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்தது. புது எண், புது மின்னஞ்சல். எண்ணை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் செல்லில் ஏற்றக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் அசல் சான்றிதழ்களை வாங்கிப்போக வந்தாள். பிறந்த நாளிலிருந்து நான் அடுக்கி வைத்திருந்த கோப்பை மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எடுத்துக்கொண்டாள். பிறகு என் செல்லைக் கேட்டாள். படங்களில் அந்த ஆதார் நகலின் ஒரு பிரதி, அனுப்பியவற்றில் ஒன்று, கூகுளில் தானாகச் சேர்ந்திருந்தது ஒன்று. அழித்துவிட்டேன் என்று நான் நினைத்திருந்த மூன்றையும் தேடி எடுத்து என் கண் முன்னால் அழித்தாள்.

"குரூப்புல இருந்து வெளிய வாங்கப்பா" என்றாள்.

வந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. செல் அவள் கையில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னண்ணே, கோவமா? வெளிய போயிட்டீக? நீங்க ஒண்ணும் கவலப்படாதீக. உங்களுக்குச் சொல்லாமயே நம்ம புள்ள ஜாதகத்த வேற நாலஞ்சு குரூப்புலயும் போட்டு விட்ருக்கேன். இம்புட்டு வெவரமா எவன் போடுறான்? நல்ல எடமா வரும்ணே."

அவள் கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

"எந்தெந்த குரூப்புன்னு பேரு சொல்லுங்க சார். எழுதிக்கிறேன்."

அவர் சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினார். திண்டுக்கல், தேனி, சென்னையில் இருப்பவர்களுக்கு ஒன்று, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. நாலஞ்சு என்றது ஏழில் வந்து நின்றது. அவள் வரிசை எண் போட்டு எழுதினாள்.

"ஆமா, பேசுறது யாரும்மா? அண்ணன் மகளா?"

அவள் பேனாவை மூடினாள்.

"இல்ல சார். இந்த வீட்டுக்குத் தெரிஞ்சவங்க" என்றாள்.