உபாகமத்தில் மூன்று மூட்டை

வேதாகமத்தில் அறுபத்தாறு புத்தகங்கள், ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஐம்பத்திரண்டு வாரத்தில் முடிந்து, ஏழு அதிகாரத்துக்கு இடம் கையிருப்பாக நிற்கும். இந்தக் கணக்கை நான் போட்டது எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறப்பதற்கு முன். அந்த ஏழு போதுமா, நடுவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று ஜனவரி முதல் தேதியே கவலை பிடித்துக்கொண்டது.

பழைய துறைமுகத்தில் எனக்கு மூட்டை எண்ணுகிற வேலை. கொழும்புக்குப் போகும் தோணியில் மிளகாய் வத்தல் மூட்டை ஏறும்போது கரையில் நின்று நான் எண்ணுவேன். தோணிக்குள் நின்று இன்னொருவர் எண்ணுவார். மூட்டைக்கு ஒரு கோடு. நாலு கோடு நிமிர்ந்து நிற்க, ஐந்தாவது குறுக்கே விழும். சாயங்காலம் இரண்டு தாளும் ஒத்துப்போக வேண்டும். வேதம் வாசித்ததற்கும் வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு, அதிகாரத்துக்கு ஒன்றாக அதே கோட்டைத்தான் கிழித்தேன். வேறு விதமாக எண்ண எனக்குத் தெரியாது.

என் மனைவிக்கு அந்த நோட்டைக் கண்டாலே சிரிப்பு. அவள் தினமும் விடியற்காலையில் பத்து வசனம் வாசிப்பாள்; சில நாள், நேற்று வாசித்த அதே பத்தை.

"நீங்க வேதம் வாசிக்கியளா, தோணி ஏத்துதியளா?" என்பாள்.

"ஒரே சங்கீதத்துல ஒன்பது நாளா நிக்க. நிக்காமப் போனாலே பத்துப் பத்தா முடிக்க எட்டரை வருஷம் ஆகும், தெரியுமா?"

"ஆகட்டுமே. அதுக்குள்ள எங்க போகப்போறோம்?"

தோணிப் பக்கம் எண்ணியவர் புன்னைக்காயல்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது இளையவர். "எங்க வேதத்துல எழுபத்து மூணு புத்தகம், ஒங்க வேதத்துல அறுபத்தாறு. ஏழு மூட்டை குறையுதே அண்ணாச்சி, கரையில எண்ணுனது யாரு?" என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்பார். எண்ணிக்கையில் விளையாட்டு எனக்குப் பிடிக்காது. அவருக்கு அதுவும் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, குழாயில் தண்ணீர் தாமதமாக வந்ததால் காலையில் வாசிக்க முடியவில்லை. வேதத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்து, தும்மிக்கொண்டே மூன்று அதிகாரத்தையும் முடித்தேன். பதினாறு நிமிடம்.

சாயங்காலம் என் தாளில் நானூற்றுப் பதினைந்து மூட்டை. புன்னைக்காயல்காரர் தாளில் நானூற்றுப் பன்னிரண்டு. திரும்ப எண்ணலாம் என்றால், காற்று வாகாக இருந்ததால் தோணி அதற்குள் பாய் விரித்துப் போய்விட்டது. மானேஜர் என் தாளைத்தான் நம்பினார். பதினோரு வருடத்தில் ஒரு மூட்டை தவறாதவன் என்று நானும் எடுத்துச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று புன்னைக்காயல்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டில் கைக்குழந்தையோடு சேர்த்து ஐந்து பேர்.

"மூணு மூட்டைய எங்கன ஒளிச்சிருப்பேன் அண்ணாச்சி, சட்டைப் பையிலயா?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

வீட்டில் விளக்கேற்றியதும் நோட்டை எடுத்தேன். மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என்ன வாசிச்சிய?"

"உபாகமம். இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு."

"அது நம்பரு. உள்ள என்ன இருந்துச்சு?"

ஒரு வரிகூட நினைவில்லை. சத்தமாக வாசிக்கச் சொன்னாள். இருபத்தைந்தாம் அதிகாரத்தில், பெரியதும் சிறியதுமாக இரண்டு எடைக்கல்லைப் பையில் வைத்துக்கொள்ளாதே என்கிற இடம் வந்தது. கரையில் ஒரு கணக்கு, தோணியில் ஒரு கணக்கு. யாருடைய கல் பொய் என்று யோசித்தபோது குரல் நின்றுவிட்டது. மதியம் வேதத்தை மூடியதும் என் கை பழக்கத்தில் மூன்று கோடு கிழித்திருந்தது. நோட்டு வீட்டில் இருந்தது. பென்சிலுக்கு அடியில் இருந்தது மூட்டைத் தாள்.

"என்ன, நிறுத்திட்டிய?"

"மூணு மூட்டையும் கெடச்சிட்டு," என்றேன்.

முழுவதையும் கேட்டவள் அன்று என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகாமல் முதலில் மானேஜர் வீட்டுக்குப் போனேன். "அது வத்தல் இல்ல சார், உபாகமம்" என்றேன். இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. புன்னைக்காயல்காரர் வேலைக்கு வரலாம், நான் ஒரு மாதம் எண்ணாமல் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை அடுக்குவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது.

அங்கிருந்து புன்னைக்காயலுக்கு பஸ் ஏறினேன். தினமும் விடாமல் வாசித்ததால்தானே அந்தப் பக்கம் அன்றைக்கு என் முன்னால் வந்தது என்று வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் முந்தின நாள் மதியமும் அதே பக்கம்தான் வந்தது. நான்தான் அங்கே இல்லை.

அவர் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"நேத்து ராத்திரி வீட்டுல யாரும் சாப்பிடல அண்ணாச்சி," என்றார்.

பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நாளைக்கு வேலைக்கு வாரேன். நீங்க இனிமே வேதத்த வீட்டுலயே வாசிச்சிட்டு வாங்க."