தொட்டியில் படர்ந்த சிவப்பு

லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். இரண்டு மாடிகளுக்கு நடுவே ஆள் மாட்டிக்கொண்டு அலறினாலும் பதறமாட்டார். "கோளாறுன்னு ஒண்ணு இருந்தா காரணம்னு ஒண்ணு இருக்கும்" என்பார். கதவோ, கயிறோ, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் கை கழுவுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு மீன்தொட்டி தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது.

தொட்டி அவருடைய அண்ணனுக்காக வந்தது. அண்ணன் பேருந்து ஓட்டியவர், கல்யாணம் ஆகாதவர், வாய் ஓயாதவர். மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததில் ஒரு கையும் பேச்சும் போயின. தம்பி தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அத்தனை பேச்சில் மிஞ்சியது ஒரே வார்த்தை. பசிக்கிறதா என்றாலும் "சரி", வலிக்கிறதா என்றாலும் "சரி". மருத்துவமனையில் காத்திருந்தபோது, அங்கே ஒரு தொட்டியில் இருந்த கடல்மீன்களை அண்ணன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததைத் தம்பி கவனித்தார். கொஞ்ச நாளில் கூடத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வந்து உட்கார்ந்தது. கீழே வெள்ளை மணல், நடுவில் பாறை, வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். அண்ணனின் நாற்காலி அதன் எதிரே நிலைத்துவிட்டது.

ஒருநாள் மணலின்மேல் செங்கல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. வெல்வெட் துணி விரித்த மாதிரி, மேலெல்லாம் குட்டிக் குட்டிக் குமிழிகள். குழாய் வைத்து உறிஞ்சினார். ஏடு ஏடாகக் கிளம்பி வந்தது. மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், எடுத்த இடத்திலேயே மறுபடி.

மீன்கடைக்காரரிடம் போனார்.

"இது பாசி இல்லீங்க, பாக்டீரியா. பாசி மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வரும். தீனி அதிகமானா வரும், தண்ணி ஓட்டம் கம்மியானாலும் வரும். விட்டுட்டா மீனுக்கும் ஆகாது."

"ரெண்டுல எது?"

"ரெண்டுமா இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம்."

அவருக்கு இப்படிப்பட்ட பதில் பிடிக்காது. பெரிய பம்ப்பாக வாங்கி மாட்டினார்; மணல் ஒரு பக்கம் குவிந்தது, சிவப்பு மறுபக்கம் குடிபோனது. தண்ணீரை மாற்றினார்; ஒரு வாரம் பொறுத்திருந்து சிவப்பு முன்னைவிட அடர்த்தியாக வந்தது. ஜன்னல் வெயில்தான் காரணம் என்றாள் மனைவி. திரை போட்டார். பாறையிலும் ஏறியது.

கடைசியில் அண்ணன்மேல் சந்தேகம் வந்தது. பகலெல்லாம் தொட்டி முன்னால் இருப்பவர் அவர்தானே?

"அண்ணே, நீ மீனுக்குத் தீனி போடுறியா?"

"சரி."

"போடலையா?"

"சரி."

"இவர்கிட்டப் போய் விசாரணை வைக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?" என்றாள் மனைவி. தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சிவப்பு அசரவில்லை.

"வெளிச்சம் இல்லாம ரெண்டு மூணு நாள் மூடிப் போடுங்க. காத்து மோட்டார் மட்டும் ஓடட்டும். மீனு தாங்கும், அது தாங்காது" என்றார் கடைக்காரர்.

விளக்கை அணைத்துக் கறுப்புப் போர்வையால் தொட்டியை மூடினார். அண்ணன் நாற்காலியை விட்டு நகரவில்லை. போர்வையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று பாதித் தட்டை ஒதுக்கினார். மறுநாள் தட்டைத் தொடவே இல்லை. மீனைக் காப்பாற்றப்போய் மனுஷனைப் பட்டினி போடுகிறோமோ என்று தம்பிக்கு வேலையில் கையே ஓடவில்லை. சீக்கிரமே வீடு திரும்பினார்.

கூடத்தில் போர்வைக்கு வெளியே இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன. மனைவியும் அண்ணனும் தலையை உள்ளே நுழைத்திருந்தார்கள்.

"என்ன பண்றீங்க? வெளிச்சம் பட்டா எல்லாம் வீணாப் போயிடும்!"

"கத்தாதீங்க. இங்க வாங்க, வந்து கேளுங்க" என்றாள் மனைவி, தலையை எடுக்காமலே.

அவரும் குனிந்து உள்ளே நுழைந்தார். உப்பு வாடை மூக்கில் ஏறியது. மனைவியின் கையில் சின்ன டார்ச். அந்த வெளிச்சத்தில் மீன்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. மணலில் ஆங்காங்கே கிழிந்த துணி போல அந்தச் சனியன் இன்னும் கிடந்தது. அண்ணன் நல்ல கையைத் தூக்கி அதைக் காட்டினார். உதடு இரண்டு முறை வீணாக அசைந்தது.

"செவப்பு" என்றார்.

"இன்னொரு தடவை சொல்லுண்ணே" என்றார் தம்பி. அண்ணன் சொன்னார். மனைவி சிரித்தாள், பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொட்டி இன்னும் சுத்தமாகவில்லை என்று கவலைப்படுவதா, அண்ணன் பேசிவிட்டார் என்று துள்ளுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. போர்வையை எடுத்து மடித்துவைத்தார். அன்றிரவு அண்ணன் தட்டைக் காலி செய்தார்.

அதற்குப் பிறகு தம்பி தொட்டியில் புதிதாக எதுவும் செய்யவில்லை. சிவப்பு கொஞ்ச நாள் இருந்தது, அப்புறம் மெலிந்தது, ஒரு காலையில் பார்த்தால் மணல் வெள்ளையாக இருந்தது.

"எது வேலை செஞ்சுது? பம்ப்பா, இருட்டா, தீனியா?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"சத்தியமாத் தெரியலைங்க. போச்சுல்ல, விடுங்க."

அவரால் விட முடியவில்லை. சிவப்பு போனதும் அண்ணனுக்கு அந்த வார்த்தையும் சரியாக வரவில்லை. தம்பி தக்காளியைக் காட்டினார், வாளியைக் காட்டினார், மனைவியின் புடவையைக் காட்டினார். சில நாள் அண்ணன் சொன்னார், பல நாள் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்த நாளில் வரும், எந்த நாளில் வராது என்பதற்கு ஒரு காரணமும் சிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாறை இடுக்கில் நகக்கண் அளவுக்குச் செங்கல் நிறம் தெரிந்தது. இது இருந்தால் அண்ணனுக்கு அந்த வார்த்தை திரும்புமோ என்று, குழாயைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு மீன்களைப் பார்த்தார்; உறிஞ்சி எடுத்துவிட்டார். செய்தது சரிதானா என்று மனைவியைக் கேட்டார்.